பாத்ரூம் ஆசிட் என்று நான் சொன்ன பொய்

அன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எனக்கு டாக்டரல் கமிட்டி, அதாவது பிஎச்.டி. வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கும் கூட்டம். கையில் காட்டுவதற்கு உருப்படியாக ஒரு எக்ஸ்-ஆர்.டி. (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை) படம்கூட இல்லை. எங்கள் துறையில் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேல் லேபில் வேலை செய்ய வேண்டுமென்றால் ஆய்வு வழிகாட்டியான கைடிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், கூட இன்னொருவர் இருக்க வேண்டும். என்னிடம் இரண்டுமே இல்லை. லேப் அட்டெண்டர் அண்ணனிடம் "ஒரே ஒரு சாம்பிள் அண்ணே, அஞ்சு மணிக்குச் சாவி கொடுத்துடுறேன்" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். அவரும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கொடுத்துவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்த பெரிய முட்டாள்தனத்துக்கு இந்தச் சாவிதான் காரணம்.

நான் செய்துகொண்டிருந்தது மேக்ஸீன் என்ற மெல்லிய அடுக்குப் பொருள். டைட்டானியம் அலுமினியம் கார்பைடு பொடியை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் (சுருக்கமாக ஹெச்.எஃப்.) போட்டால் நடுவில் இருக்கும் அலுமினிய அடுக்கு மட்டும் கரைந்து போய், மிச்சம் புத்தகத்தின் தாள்கள் மாதிரி விரிந்து நிற்கும். 2011-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு பேட்டரி, சென்சார் என்று எந்தத் துறையைத் தொட்டாலும் இதைச் செய்கிற ஒரு ஸ்காலர் இருப்பார். அதாவது, முன்பெல்லாம் ஹெச்.எஃப். பாட்டிலையே பார்த்திராத லேப்களுக்குள்ளும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் லேபில் அதைத் தொடுவதற்கு எனக்குக் கிடைத்த பயிற்சி, சீனியர் அக்கா ஒருவர் செய்வதை இரண்டு முறை பக்கத்தில் நின்று பார்த்ததுதான். "கண்ணாடி பீக்கர்ல ஊத்திடாத, கண்ணாடியையே தின்னுடும்" என்று அவர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

40 சதவீத அமிலத்தை டெஃப்லான் பீக்கரில் எடுத்து, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும்போதெல்லாம் நான் படு ஜாக்கிரதை. ஃப்யூம் ஹூட் என்ற புகை உறிஞ்சும் பெட்டி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கோட் எல்லாம் இருந்தன. சறுக்கியது அதற்கடுத்த கட்டத்தில். தண்ணீர் ஊற்றி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளியும் அமிலத் தண்ணீரை பிளாஸ்டிக் கேனில் கொட்டுகிற வேலை. 'அதான் தண்ணி கலந்தாச்சே' என்று மனசு இளகிவிட்டது. கையில் இருந்தது நீல நிற மெல்லிய நைட்ரைல் கையுறை. அது காலையிலிருந்து போட்டது கூட இல்லை. முந்தின நாள் போட்டு, கழுவி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டது. கையுறைப் பெட்டிக்கு இன்டென்ட் போட்டு ஒரு மாதம் ஆகியும் வரவில்லை, எல்லோருமே அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். நாலு மணி இருக்கும். வலது ஆள்காட்டி விரல் நுனியில் சில்லென்று ஈரம். கழற்றிப் பார்த்தால் நகத்தோரத்தில் ஒரு பொட்டு ஈரம், அவ்வளவுதான். எரிச்சல் இல்லை, சிவக்கவும் இல்லை. குழாயில் அரை நிமிடம் காட்டிவிட்டு, கோட்டில் துடைத்துக்கொண்டு, வேறொரு பழைய கையுறையை மாட்டி வேலையை முடித்தேன்.

வலி இல்லையென்றால் காயம் இல்லை என்பது மற்ற அமிலங்களிடம் பழகிய கணக்கு. இந்த அமிலம் அப்படி இல்லை. செறிவு அதிகமாக இருந்தால் பட்டவுடன் வலிக்கும். 20 சதவீதத்துக்குக் குறைவான கரைசல் என்றால் வலி தெரியவே 24 மணி நேரம்கூட ஆகலாம். தோலைப் பெரிதாகச் சுடாமலே உள்ளே இறங்கி, அங்கே இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். எலும்பு வரைக்கும் போகும். உடம்பில் நிறைய இடத்தில் பட்டால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும். இத்தனையும் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அது கண்ணாடியைத் தின்னும் என்பது மட்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் தோசையைப் பிய்க்கும்போது விரல் விண்விண்ணென்றது. கதவிடுக்கில் நசுங்கினால் இருக்குமே, அந்த மாதிரி. பன்னிரண்டரைக்குத் தூக்கம் கலைந்தது. அந்த வலியை எப்படிச் சொல்வது? நகத்துக்கு அடியில் யாரோ ஊசியை ஏற்றிவிட்டு, அதை விளக்கில் காட்டிச் சூடாக்கிக்கொண்டே இருப்பது மாதிரி. லைட்டைப் போட்டுப் பார்த்தால் விரலில் ஒன்றுமே இல்லை! நுனி மட்டும் கொஞ்சம் வெளுத்து, சோற்றுக் கஞ்சி நிறத்தில் இருந்தது. வளாக ஹெல்த் சென்டரில் ராத்திரியில் ஒரு நர்ஸ் மட்டும்தான். அவர் தீப்புண் களிம்பைத் தடவி, ஒரு பாராசிட்டமால் கொடுத்தார். என் அழுகையைப் பார்த்து வார்டன் மேடமே ஆட்டோ பிடித்து, டவுனில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மணி மூணு ஆகப் போகிறது.

கேஷுவால்டியில் டியூட்டி டாக்டர் "என்னம்மா பட்டுச்சு?" என்றார். பக்கத்தில் வார்டன். அனுமதியில்லாத லேப், சாவி கொடுத்த அண்ணனுக்கு வரப்போகும் மெமோ, திங்கட்கிழமை கமிட்டி என்று அத்தனையும் ஒரு நொடியில் கண் முன்னால் வந்து போயின. "பாத்ரூம் கழுவுற ஆசிட் டாக்டர்" என்றேன். ஆசிட் என்ற வார்த்தையைக் கேட்டதும் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது ஊற்றினார்களா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை, நானேதான் கொட்டிக்கொண்டேன் என்று அந்தப் பொய்யை இன்னும் கெட்டியாக்கினேன். டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதினார். பாத்ரூம் ஆசிட்டுக்கு என்ன வைத்தியமோ அதைத்தான் செய்தார்கள்: கழுவினார்கள், வெள்ளைக் களிம்பு பூசினார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள். வலி ஒரு இம்மிகூட நகரவில்லை.

நாலரை மணிக்கு வார்டன் டீ குடிக்கக் கீழே போனார். இடது கையால் போனை எடுத்து, அந்த அமிலத்தின் பெயரோடு பாதுகாப்புத் தரவுத்தாள் (ஒரு ரசாயனத்தின் ஆபத்தையும் முதலுதவியையும் சொல்லும் தாள்) என்று போட்டுத் தேடினேன். ஒன்றரை வருடமாக அந்தப் பாட்டிலைத் தொடுகிறேன், அதன் தரவுத்தாளைத் திறந்தது அப்போதுதான் முதல் தடவை. மொத்தம் 16 பகுதிகள். நாலாவது பகுதி முதலுதவி. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் என்று அதில் பச்சையாக எழுதியிருந்தது. எழுந்து போய் டியூட்டி டாக்டரிடம், "டாக்டர், நான் சொன்னது பொய். இது ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட், லேப்ல பட்டது, பன்னெண்டு மணி நேரம் ஆச்சு" என்றேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் போனை வாங்கிப் படித்தார், சீனியருக்கு போன் போட்டார், பிறகு எமர்ஜென்சி டிராலியின் இரண்டாவது தட்டைத் திறந்தார். கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூல்கள் அங்கேயே இருந்தன. நான் அழுதுகொண்டு கிடந்த கட்டிலிலிருந்து நாலடி தூரம்.

ஜெல்லாக யாரும் வைத்திருக்கவில்லை, அங்கேயே கலந்தார்கள். 10 சதவீத ஆம்பூல் ஒன்று, அதாவது 10 மில்லி, அதோடு ஸ்கேனுக்கும் டியூபுக்கும் போடுகிற வழவழப்பான ஜெல்லி 30 மில்லி. கலந்தால் 2.5 சதவீதம் வரும். அதை ஒரு சர்ஜிக்கல் கையுறைக்குள் ஊற்றி, என் கையை அதற்குள் விட்டுக் கட்டினார்கள். நான் மரத்துப்போகிற ஊசி போடுங்கள் என்று கெஞ்சினேன். "போட்டா வலி போயிடும், ஆனா மருந்து வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியாது. உங்க வலிதான் எனக்கு மீட்டர்" என்றார் டாக்டர். இருபது நிமிடத்தில் அந்த மீட்டர் பாதிக்கு இறங்கியது. மிச்சத்துக்கு விரலைச் சுற்றி மெல்லிய ஊசியில் கொஞ்சம் கொஞ்சமாக கால்சியம் ஏற்றினார்கள். இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தத்தில் கால்சியம் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. நகத்துக்கு அடியில் தேங்கியதால் மூன்றாம் நாள் நகத்தை எடுக்க வேண்டியதாயிற்று. நாலு நாள் உள்ளே இருந்தேன். பில் 46,300 ரூபாய். அதில் கால்சியம் ஆம்பூல் ஒன்றின் விலை இருபது ரூபாயைக்கூடத் தொடவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இதே பாட்டிலைக் கையில் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பாட்டிலின் மூடியைத் திறக்கும் முன்னால் ஜெல் இருக்கிறதா, எங்கே இருக்கிறது, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம். பட்டுவிட்டால் உடனே கையுறையையும் துணியையும் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். ஜெல் கையில் இருந்தால் ஐந்து நிமிடம் கழுவினால் போதும், உடனே ஜெல்லைத் தேய்க்க ஆரம்பித்துவிடலாம். தேய்க்கிறவரும் புதுக் கையுறை போட்டிருக்க வேண்டும். ஜெல் இல்லையென்றால் குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள். ஜெல் போட்டாயிற்றே, வலி இல்லையே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். போகும்போது தரவுத்தாளை அச்சடித்துக் கையில் கொண்டு போங்கள். எல்லா டாக்டரும் இந்த அமிலக் காயத்தைப் பார்த்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, அது அவர்களுடைய குறையும் இல்லை. அப்புறம், லித்தியம் ஃப்ளோரைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்து மேக்ஸீன் செய்கிற முறையை 'மைல்டு முறை' என்று சொல்லிக்கொண்டு ஜெல் இல்லாமல் செய்கிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பாத்திரத்துக்குள்ளும் உருவாவது இதே ஹெச்.எஃப்.-தான். பாட்டிலில் பெயர் எழுதியிருக்காது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் படித்த இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1994-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பாறைகளிலிருந்து மகரந்தப் புதைபடிவங்களைப் பிரித்தெடுக்கும் லேபில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவரின் தொடையில் இந்த அமிலம் கொட்டியது. தண்ணீரால் கழுவினார், நீச்சல் குளத்திலும் இறங்கினார். ஜெல் அங்கே இல்லை. ஒரு காலை எடுத்தும் 15-ஆம் நாள் இறந்துபோனார். கையுறை விஷயத்தில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் கதை எல்லா ஸ்காலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1996-இல் லேடக்ஸ் கையுறைமேல் டைமெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சுத் திரவம் சில சொட்டுகள் விழுந்தன. கையுறை கிழியவே இல்லை, திரவம் ஊடுருவிப் போய்விட்டது. 1997 ஜூனில் அவர் இறந்தார். அவர் கவனக்குறைவானவரும் அல்ல, நச்சு உலோகங்களையே ஆராய்ச்சி செய்தவர். இதைப் படித்த பிறகு ஜன்னல் கம்பியில் காயும் நீலக் கையுறைகளை நினைத்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. இப்போது நான் மெல்லியதற்கு மேல் தடித்த நியோப்ரீன் கையுறை போடுகிறேன். தடித்ததைப் போடும் முன்னால் காற்றை அடைத்து, முறுக்கி, கன்னத்தருகே வைத்துப் பார்ப்பேன். ஊசித் துளை இருந்தால் கன்னத்தில் காற்றுப் படும். மெல்லியது ஒரு வேளைக்குத்தான், அப்புறம் குப்பைக்கு.

சரி, பணக் கதைக்கு வருகிறேன். அட்மிஷன் கட்டணத்தோடு சேர்த்து எங்களிடம் குழு மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் என் சொந்த அண்ணனிடம் கடன் வாங்கிப் பில்லைக் கட்டிவிட்டு விண்ணப்பித்தேன். ஆறு வாரம் கழித்து நிராகரித்துக் கடிதம் வந்தது. காரணம், டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வரலாறு இருந்தது. மூணு மணி குறிப்பில் ஹாஸ்டல் கழிவறை ஆசிட், நாலரை மணி குறிப்பில் ஆய்வக அமிலம். எது உண்மை என்று கேட்டார்கள். பல்கலைக்கழகத்தின் விபத்து அறிக்கையை இணைக்கச் சொன்னார்கள். விபத்து அறிக்கை என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய சுற்றறிக்கை ஒன்றைத் தேடி எடுத்தோம். பாதுகாப்புக் குழு இருக்கிறது, படிவம் இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. எங்கள் லேப் சுவரில் ஒட்டியிருக்கும் அவசர எண்கள் பட்டியலில் இருந்தவரோ ரிட்டையர் ஆகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. நான் கைடிடம் விஷயத்தைச் சொன்னதே புதன்கிழமை. அவர் முதலில் கேட்டது, "யாரைக் கேட்டு லேபைத் திறந்தே?" அடுத்த நிமிடமே குரல் இறங்கி, "அன்னைக்கு ராத்திரியே எனக்குப் போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றார். இரண்டுமே உண்மையாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குப் பயந்துதான் அந்த ராத்திரி நான் போன் பண்ணவில்லை என்பதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஊழியராக இருந்தால் வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்கச் சட்டம் இருக்கிறது. எங்களுக்கு வருவது சம்பளம் இல்லை, உதவித்தொகை. அலுவலகத்தில் "நீங்க ஸ்டூடண்ட்" என்றார்கள், காப்பீட்டுக்காரர் "வேலையில் நடந்ததா?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் மூடிய கதவு. அதனால், உங்களுக்கு என்ன நடந்தாலும், அது சின்னக் கீறலாகவே இருந்தாலும், அன்றைக்கே இரண்டு வரி மின்னஞ்சலாக கைடுக்கும் துறைத் தலைவருக்கும் அனுப்பிவிடுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த ரசாயனம், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது போதும். படிவம் எங்கே என்று தேடுவது அப்புறம். மின்னஞ்சலில் தேதியும் நேரமும் தானாகவே பதிந்துவிடும், அதை யாரும் மாற்ற முடியாது. அனுமதி இல்லாமல் செய்திருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். எனக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு எச்சரிக்கைக் கடிதம்தான். அட்டெண்டர் அண்ணனுக்கு வாய்மொழியாக ஒரு திட்டு. இதற்காகவா அந்தப் பொய் என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஆஸ்பத்திரியில் கேட்டு, நாலரை மணிக் குறிப்புதான் சரியான வரலாறு என்று டாக்டர் கையெழுத்தோடு ஒரு சான்று வாங்கினேன். அதையும் தாமதமான விபத்து அறிக்கையையும் வைத்து மறுபரிசீலனைக்கு அனுப்பினேன். ஒரு மாதமாகியும் பதில் இல்லை. இப்படி நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் வராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம். என் புகார் இப்போது அங்கே இருக்கிறது. மேல்சிகிச்சை டிரஸ்ஸிங், ஆட்டோ எல்லாம் சேர்த்து 54,000 ரூபாய் வரை போயிருக்கிறது. பதினோரு வாரம் வலது கையால் பைப்பெட்கூடப் பிடிக்க முடியவில்லை. கமிட்டி மூன்று மாதம் தள்ளிப் போனது.

லேபில் சிலது மாறியிருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஜெல் இருக்கிறது, டியூபின் மேல் திறந்த தேதி எழுதியிருக்கிறது. அதன் பக்கத்தில் தரவுத்தாளின் நாலாம் பகுதி, பெரிய எழுத்தில் அச்சடித்து உறையில் போட்டது, அவசரத்துக்கு அப்படியே உருவிக்கொண்டு ஓடலாம். பக்கத்து ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்கு, எங்கள் துறையில் இந்த அமிலம் இருக்கிறது என்று துறைத் தலைவர் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். கண் கழுவும் குழாயைத் திங்கட்கிழமைதோறும் திறந்து விடுகிறோம். முதல் முறை திறந்தபோது டீ டிகாக்ஷன் மாதிரி துருத்தண்ணீர் வந்தது. சனிக்கிழமைச் சாவி விஷயம் மட்டும் பழையபடிதான் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரை ஏமாற்ற.

இன்னொரு கூத்தும் நடந்தது. எங்கள் வருகைப் பதிவு விரல்ரேகை மெஷினில்தான். நான் பதிந்து வைத்திருந்தது வலது ஆள்காட்டி விரல். ஆறிய பிறகு நுனித்தோல் வழவழவென்று ஆகிவிட்டதால் மெஷின் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வருகை இல்லை என்று மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை இரண்டு மாதத்துக்கு நின்றது. விரலை மாற்றிப் பதிய விண்ணப்பம் கொடுத்தால், காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே 'ஆதாரம் இணைக்கவும்' என்று இருந்தது. விபத்து அறிக்கையின் நகலை இணைத்தேன். கிளார்க் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தேதி ஏன்மா இவ்வளவு லேட்டா இருக்கு?" என்று கேட்டார்.